திரைப்பிடிப்பு விசை இயங்காதபோது

உதவித்தொகை விண்ணப்பம், தேர்வுப் பதிவு, மாணவர் விவரத் திருத்தம் எனப் பள்ளி வேலைகள் பலவும் இணையவழிக்கு வந்துவிட்டன. பதிவை முடித்ததும் தோன்றும் ஒப்புகை எண் சில நேரங்களில் ஒருமுறைதான் திரையில் தெரியும். பிற்பாடு 'இந்த மாணவருக்கு விண்ணப்பித்தீர்களா?' என்ற கேள்வி எழுந்தால், அந்தத் திரையின் படமே நம் கையில் இருக்கும் சான்று. அந்த நேரம் பார்த்துத் திரைப்பிடிப்பு, அதாவது ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் விசை இயங்காமல் போனால் என்ன செய்வது?

கணினி ஆய்வகப் பொறுப்பாசிரியர் என்பதால், சக ஆசிரியர்கள் இச்சிக்கலை என்னிடம் அடிக்கடி கொண்டுவருவார்கள். நான் பார்த்தவரை விசை பழுதாகியிருப்பது அரிது. படம் எங்கோ சேமிக்கப்பட்டிருக்கும். அல்லது விசையின் வேலை மாற்றப்பட்டிருக்கும். விண்டோஸ் 10, 11 கணினிகளில் நான் பின்பற்றும் வரிசை இது.

1. படம் எங்கே போகிறது?

பிரிண்ட் ஸ்கிரீன் விசையை மட்டும் அழுத்தினால் முழுத்திரையின் படமும் கிளிப்போர்டு என்னும் தற்காலிக நினைவகத்துக்குப் போகும். ஆல்ட் விசையுடன் சேர்த்து அழுத்தினால், பயன்பாட்டில் உள்ள சாளரம் மட்டும் படமாகும். இரண்டிலும் கோப்பு எதுவும் உருவாகாது; பெயிண்ட் அல்லது வேர்டைத் திறந்து கன்ட்ரோல், வி அழுத்தி ஒட்ட வேண்டும். விண்டோஸ் விசையுடன் பிரிண்ட் ஸ்கிரீனை அழுத்தினால், பிக்சர்ஸ் கோப்புறைக்குள் உள்ள ஸ்கிரீன்ஷாட்ஸ் கோப்புறையில் படம் தானாகச் சேமிக்கப்படும். 'வேலை செய்யவில்லை' என்று வரும் புகார்களில் பல, ஒட்டிப் பார்த்ததும் தீர்ந்துவிடும்.

2. எஃப்என் விசை

மடிக்கணினிகளில் பிரிண்ட் ஸ்கிரீன், வேறொரு விசையோடு இடத்தைப் பகிர்ந்துகொண்டிருக்கும். அப்போது எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். பிரிண்ட் ஸ்கிரீன் விசையே இல்லாத கணினிகளில் எஃப்என், விண்டோஸ் விசை, ஸ்பேஸ் பார் மூன்றையும் சேர்த்து அழுத்திப் பார்க்கலாம்.

3. அமைப்பில் மாற்றம்

விண்டோஸ் 11-இல் 2023-இல் வந்த புதுப்பிப்புகளால், பிரிண்ட் ஸ்கிரீன் விசை ஸ்னிப்பிங் டூலைத் திறக்கும்படி மாறியுள்ளது. திரை மங்கி, மேலே சிறு பட்டை தோன்றினால் காரணம் இதுவே. பழைய முறையே வேண்டுமெனில் செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, கீபோர்டு என்று சென்று, பிரிண்ட் ஸ்கிரீன் தொடர்பான பொத்தானை அணைத்துவிடலாம். விண்டோஸ் 10-இல் இது ஈஸ் ஆஃப் ஆக்சஸ் பகுதியில் இருக்கும்.

4. குறுக்கிடும் மென்பொருள்

ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் போன்றவை அனுமதி கொடுக்கப்பட்டிருந்தால் இந்த விசையைத் தம் வசம் எடுத்துக்கொண்டு, படத்தைத் தம் கோப்புறையில் சேமிக்கும். அங்கே தேடிப் பாருங்கள். பின்னணியில் இயங்கும் மென்பொருள்களை ஒவ்வொன்றாக மூடிச் சோதித்தால், விசையைப் பிடித்திருப்பது எது என்று தெரிந்துவிடும்.

5. ஸ்னிப்பிங் டூல் பழுது

விண்டோஸ் விசை, ஷிப்ட், எஸ் மூன்றையும் அழுத்தியும் பட்டை தோன்றவில்லையா? முதலில் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். பலன் இல்லையெனில் செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து, ஸ்னிப்பிங் டூலின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ரிப்பேர், அதன்பின் ரீசெட் எனக் கொடுங்கள். விண்டோஸ் புதுப்பிப்பையும் தள்ளிப்போடாதீர்கள். 2021 அக்டோபர் 31-இல் மைக்ரோசாஃப்டின் டிஜிட்டல் சான்றிதழ் ஒன்று காலாவதியானதால், விண்டோஸ் 11 பயன்படுத்திய சிலருக்கு இக்கருவி திறக்கவில்லை. இத்தகைய கோளாறுகளுக்குத் தீர்வு புதுப்பிப்பின் வழியாகவே வந்துசேரும்.

6. விசையே பழுதா?

விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஓ மூன்றையும் அழுத்தினால் திரையிலேயே விசைப்பலகை தோன்றும். அதில் உள்ள பிரிண்ட் ஸ்கிரீனைச் சொடுக்கும்போது படம் கிடைத்தால், பழுது உங்கள் விசைப்பலகையில்தான்.

இத்தனையும் சோதிக்க நேரமில்லாமல் ஒப்புகை எண் திரையில் நிற்கிறதா? பக்கத்தை மூடாமல் கன்ட்ரோல், பி அழுத்துங்கள். அச்சுப்பொறிக்குப் பதிலாகப் பிடிஎஃப் ஆகச் சேமிக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். எண்ணைக் குறிப்பேட்டில் எழுதியும் வையுங்கள்.

இன்னொன்றையும் கவனத்தில் கொள்ள வேண்டும். மாணவர் விவரத் திரையில் ஆதார் எண்ணும் பெற்றோரின் கைபேசி எண்ணும் இருக்கக்கூடும். முழுத்திரையையும் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தால், தொடர்பில்லாத பலரிடம் அவை போய்ச் சேரும். விண்டோஸ் விசை, ஷிப்ட், எஸ் முறையில் தேவையான பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து எடுங்கள். பலர் பயன்படுத்தும் ஆய்வகக் கணினியில், வேலை முடிந்ததும் விண்டோஸ் விசையுடன் வி அழுத்திக் கிளிப்போர்டு வரலாற்றையும் அழித்துவிடுங்கள். அது இயக்கப்பட்டிருந்தால் கடைசியாக நகலெடுத்த 25 பதிவுகள் வரை அதில் தங்கியிருக்கும். அடுத்து வந்து அமர்பவர் ஒரு மாணவராகவும் இருக்கலாம்.