ஜிம்முக்குப் போன நெருஞ்சில்

சிறுநெருஞ்சில் மழைக்குப் பிறகு தரையோடு தரையாகப் படரும் பூண்டு. தேனி மாவட்டத்தில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் கம்பம், சின்னமனூர் வயல்களைவிட, வானம் பார்த்த ஆண்டிபட்டிப் பக்கத்துக் காடுகளும் மண்பாதை ஓரங்களுமே இதற்குத் தோது. ஐந்து இதழ் மஞ்சள் பூ உதிர்ந்து காய் முற்றினால் ஐந்து துண்டாகப் பிரியும். ஒவ்வொன்றிலும் இரண்டு பெரிய முள். எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேலே பார்த்து நிற்கும். செருப்பில் ஏறி வீட்டு வாசல்வரை வருவதும், சைக்கிளைப் பஞ்சராக்குவதும், ஆட்டுக் குளம்பில் தைப்பதும் விதை ஊர் சுற்றும் வழி.

நாட்டு மருந்துக் கடையில் நெருஞ்சில் முள் என்று கேட்டால் கிடைப்பது இந்தக் காய்தான். சித்த மருத்துவத்தில் நீர்ச்சுருக்குக்கும் கல்லடைப்புக்கும் குடிநீர் காய்ச்சுவார்கள். பெயர் ஒத்திருந்தாலும் ஆனைநெருஞ்சில் வேறு குடும்பத்துச் செடி. அதன் பச்சைக் கிளையைத் தண்ணீரில் விட்டுக் கலக்கினால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி கொழகொழத்துவிடும்.

சிறுநெருஞ்சில் ஜிம்முக்குப் போனது பல்கேரியா வழியாக. அங்கே அது 'ட்ரிபெஸ்டான்' என்ற மாத்திரையாக வந்தது. பளுதூக்கும் வீரர்களின் ரகசியம் என்ற பேச்சும் கூடவே பரவியது. இதிலுள்ள புரோட்டோடயோசின் என்ற சப்போனின் டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டித் தசையை ஏற்றும் என்பது விற்பவர்கள் வாதம். 2007இல் வெளியான ஆய்வில் ஆஸ்திரேலிய ரக்பி லீக் வீரர்கள் 22 பேரில் ஒரு பிரிவினர் ஐந்து வாரம் தினமும் 450 மில்லிகிராம் நெருஞ்சில் சாறும், மற்றவர்கள் வெற்று மாத்திரையும் சாப்பிட்டார்கள். இரு பிரிவினருக்கும் பலம் ஏறியது, ஒரே அளவில். ஏற்றியது பயிற்சி, ஹார்மோன் அசையவே இல்லை.

பலத்துக்கென்று விற்கும் இன்னொரு மூலிகையான அமுக்கராவின் (அஸ்வகந்தா) கதை கொஞ்சம் தேவலை. 57 ஆண்களை வைத்து நடந்து 2015இல் வெளியான சோதனையில், எட்டு வாரம் தினமும் 600 மில்லிகிராம் வேர்ச்சாறு எடுத்தவர்களுக்குப் பலம் கூடுதலாக ஏறியது. தசைச் சேதத்தைக் காட்டும் கிரியேட்டின் கைனேஸும் கட்டுக்குள் நின்றது. சோதனை சிறியது. கொடுத்ததும் செறிவூட்டிய சாறு. பாலில் கலக்கும் சூரணத்துக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது.

கடைப் பொட்டலத்தில் முள்ளாவது கண்ணுக்குத் தெரியும். கேப்ஸ்யூலுக்குள் என்ன இருக்கிறது என்பது வேறு விவகாரம். ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம் 13 நாடுகளில் வாங்கிய 634 சத்துப்பொருட்களைச் சோதித்து 2004இல் முடிவை வெளியிட்டது. 94இல் லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டுகள் இருந்தன. ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கும் வீரர், லேபிளில் போடவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. உடம்பில் கிடைத்ததற்கு விதிப்படி அவரே பொறுப்பு.