துடைப்பமும் நாற்காலியும்

‘மேடம் சீஃப் மினிஸ்டர்’ இந்திப் படம் 2021 ஜனவரியில் வெளிவந்தது. முதலமைச்சராகும் தலித் பெண் தாராவாக ரிச்சா சட்டா நடித்தார். படத்துக்கு முன்பே வந்த சுவரொட்டியில் அவர் கையில் துடைப்பம் இருந்தது. தலித் பெண் என்றால் துடைப்பம்தானா என்று எதிர்ப்பு எழுந்தது. அவர் மன்னிப்புக் கேட்டார்.

கதை கற்பனை என்கிறார்கள். ஆனாலும் படம் பார்ப்பவர் மனதில் மாயாவதிதான் வந்து நிற்கிறார். அவர் கையில் இருந்தது சாக்பீஸ். அஞ்சல் துறை ஊழியரின் மகள், சட்டம் படித்தவர், தில்லியில் பள்ளி ஆசிரியை. கன்ஷிராம் அவர் வீடு தேடி வந்தது 1977இல். 1984இல் கைரானா, 1985இல் பிஜ்னோர், 1987இல் ஹரித்வார் என்று தொடர்ந்து தோற்றார். 1989இல் பிஜ்னோரில் வென்றார். 1995 ஜூன் 3 அன்று உத்தரப் பிரதேச முதலமைச்சரானார். நான்கு முறை அந்தப் பதவியில் இருந்தார். தோல்விக்குப் பிறகும் ஊர் ஊராகப் போய் அமைப்பு கட்டிய அந்த உழைப்பைவிட, வஞ்சமும் பழிவாங்கலும்தான் படத்துக்குப் பிடித்திருக்கிறது.

லக்னோ நமக்குத் தூரம். ஊராட்சி அலுவலகம் பக்கத்தில்தான் இருக்கிறது. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. பட்டியலினப் பெண்களுக்கும் ஊராட்சித் தலைவர் பதவி கிடைத்தது. நாற்காலி கிடைத்ததா? கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவர் தரையிலும் மற்றவர்கள் நாற்காலியிலும் உட்கார்ந்திருந்த படம் 2020 அக்டோபரில் வெளியாகி நாட்டையே உலுக்கியது. அதே ஆண்டு, திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் பட்டியலினப் பெண் தலைவரைச் சுதந்திர தினத்தன்று கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியான பிறகு, மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவர் கொடியேற்றினார். இரண்டு இடத்திலும் அவர்களுக்குப் பதவி தந்தது வாக்கு. மரியாதையை மறுத்தது சாதி.

முசரவாக்கத்திலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபை உறுப்பினர்களே. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். தலைவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார், தீர்மானத்தை யார் சொல்ல யார் எழுதுகிறார்கள் என்று கவனியுங்கள். பெண் தலைவரிடம் கேட்ட கேள்விக்குக் கணவரோ துணைத் தலைவரோ பதில் சொன்னால், “தலைவர் சொல்லட்டும்” என்று எழுந்து நின்று கேளுங்கள். அந்த நாற்காலி காலியாகாமல் பார்த்துக்கொள்வது ஊரின் பொறுப்பு.