அரை லிட்டர் பாலில் நான்கு கிண்ணம்

கீமோதெரபி பெறும் நோயாளிக்கு வாய்ப்புண் வந்துவிட்டால், காரமே இல்லாத இரசச் சோறும் நெருப்பாக எரியும். "இரண்டு வாயாவது உண்ணட்டும்" என்று தட்டுடன் காத்து நிற்கும் உறவினர்கள், எங்கள் உணவியல் பிரிவில் தயங்கித் தயங்கிக் கேட்பதுண்டு: "ஐஸ்கிரீம் கொடுக்கலாமா?" பெரும்பாலானோர்க்குக் கொடுக்கலாம், வீட்டில் செய்ததாயின் இன்னும் நன்று என்பதே எங்கள் விடை.

குளிர்ச்சி, புண்ணை மரத்துப்போகச் செய்து எரிச்சலைச் சற்று நேரம் அடக்கும். சில மருந்துகளைச் செலுத்தும் வேளையில் பனிக்கட்டித் துண்டுகளை வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்வதும் வாய்ப்புண்ணைத் தடுப்பதற்காகவே.

கடைச் சரக்கின் உறையை உற்று நோக்குங்கள். பலவற்றில் 'ஃப்ரோசன் டெசர்ட்' என்றே அச்சிட்டிருக்கும். அவற்றில் பால் கொழுப்புக்கு மாற்றாகத் தாவரக் கொழுப்பு சேர்க்கப்பட்டிருக்கும். வீட்டிலோ, சேர்வது யாதென்று நாமே அறிவோம்.

அரை லிட்டர் கொழுப்பு நீக்காத பாலை அடிபிடிக்காமல் கிளறிப் பாதியாகச் சுண்டக் காய்ச்சுங்கள். சூட்டிலேயே 3 மேசைக்கரண்டி சர்க்கரையைக் கரையுங்கள். ஆறியபின், நன்கு கழுவித் தோலுரித்த இரண்டு சப்போட்டாக்களின் சதையை மசித்துக் கலந்து உறைய வையுங்கள். மணிக்கொருமுறை இரண்டு மூன்று தடவை வெளியே எடுத்துக் கடைந்தால் பனித்துகள் பெரிதாகாது, நாவில் உறுத்தாது. அரை லிட்டர் பாலில் ஏறத்தாழ 16 கிராம் புரதம் உண்டு. காய்ச்சும்போது குறைவது நீரே. புரதம் அப்படியே தங்கும். நான்காகப் பகிர்ந்தால் கிண்ணத்திற்கு 4 கிராம். எலுமிச்சை, அன்னாசி போன்ற புளிப்புப் பழங்கள் வேண்டா. முந்திரித் துண்டுகளும் புண்ணில் உரசும்.

இனி, கண்டிப்பாகச் சொல்ல வேண்டியவை. உறைய வைப்பதால் கிருமிகள் சாவதில்லை. ஆகவே காய்ச்சாத பாலும் பச்சை முட்டையும் அறவே கூடா. இரத்த வெள்ளணுக்கள் குறைந்திருப்போர்க்குப் பழத்தை விடுத்து, ஏலக்காய்த் தூளைப் பாலிலேயே கொதிக்க விடுங்கள். ஆக்சாலிபிளாட்டின் மருந்து பெறுவோர்க்குக் குளிர்ந்த பொருள் தொண்டையை இறுக்கி மூச்சுத் திணறும் உணர்வைத் தரக்கூடும். அவர்கள் மருத்துவரைக் கேளாமல் தொடவே கூடாது. பக்கவாதத்திற்குப்பின் கெட்டியான பானமே பருக வேண்டியவர்க்கும் இது ஆகாது. வாயில் உருகியதும் நீராகி மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடலாம். டயாலிசிஸ் செய்துகொள்வோர் இதை அன்றைய நீர்க்கணக்கில் சேர்க்க வேண்டும். பாலில் உள்ள பொட்டாசியமும் பாஸ்பரசும் அவர்களுக்குக் கணக்குத்தான்.

நீரிழிவு உள்ளோர்க்குச் சர்க்கரையைக் குறைக்கலாமா என்பீர்கள். குறைக்கலாம், ஆயினும் கல்லாக இறுகும். உறையும் வெப்பநிலையைத் தாழ்த்தி மென்மை தருவது சர்க்கரையே. பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்னரே வெளியே எடுத்து வைத்தால் கரண்டி இறங்கும். ஒருமுறை உருகியதை மீண்டும் உறைய வைக்காதீர்கள்.

நோயாளிக்கு ஒரு வேளைக்கு ஒரு கிண்ணம் போதும். எஞ்சிய மூன்றில் ஒன்றை, காலையிலிருந்து எதுவும் உண்ணாமல் அருகில் அமர்ந்திருக்கும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.