சொல் மறைதலும் பொருள் மறைதலும்

அறிந்த சொல் வேண்டும் வேளையில் வாய்க்கு வாராது நிற்றல் யாவர்க்கும் நிகழ்வதொன்றாம். "நாக்கு நுனியில் நிற்கின்றது" என்று அந்நிலையைத் தமிழ்மக்கள் கூறுவர். ஆங்கிலேயரும் ஏறக்குறைய இவ்வாறே கூறுதல் நோக்கத்தக்கது. அமெரிக்க உளநூலறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890 இல் வெளியிட்ட தம் பெருநூலில் இதனை ஆராய்ந்து, இவ்வெற்றிடம் வெறும் இன்மையன்று என்றும், தேடப்படும் சொல்லின் சாயல் அதனுள்ளே இருத்தலாற்றான் பிழையான சொல் முன்வந்ததும் தள்ளப்படுகின்றது என்றும் விளக்கினார். 1966 இல் ஹாவாட் பல்கலைக்கழகத்து றோஜர் பிறவுணும் டேவிட் மக்னீலும் அருஞ்சொற்களின் வரைவிலக்கணங்களை மாணவர்க்குப் படித்துக் காட்டி, அவற்றிற்குரிய சொற்களை வினவினர். சொல் வாராது தவித்தோர் பலமுறை அதன் முதலெழுத்தையும் அசைத்தொகையையும் சரியாகக் கூறினர். பொருள் ஓரிடத்தும் ஒலிவடிவம் பிறிதோரிடத்தும் நிற்ப, இரண்டையும் இணைக்கும் வழியே அவ்வேளை தடைப்படுகின்றது என்பது இதனாற் பெறப்படும்.

முதுமையில் இத்தடை, சிறப்பாக ஆட்பெயர்களில், மிகுதல் இயல்பே. அதனை நோயென அஞ்சவேண்டுவதில்லை. ஆயின் ஒரு சிலரிடத்து இக்குறை ஆண்டுக்காண்டு வளர்ந்து மொழியையே அரித்துவிடுகின்றது. 1892 இல் பிராகு நகர மருத்துவர் ஆர்னோல்ட் பிக் என்பார், மொழி சிதைந்த 71 வயதினர் ஒருவரைப் பற்றி எழுதினார். அவர் இறந்தபின் மூளையைச் சோதித்தபோது, காதுக்கு உட்புறமாக அமைந்த கடைநுதற் சோணை, இடப்பக்கத்தில், பெரிதும் சுருங்கியிருந்தது. 1982 இல் அமெரிக்க மருத்துவர் மெசுலம், நினைவும் நடைமுறை அறிவும் நெடுநாள் குன்றாதிருக்க மொழி மட்டும் மெல்ல மெல்லத் தேய்ந்த ஆறு நோயாளரை விவரித்தார். அதன் பின்னரே இது தனிநோயாகப் பரவலாகக் கருதப்படலாயிற்று.

வெளிப்பார்வைக்கு இந்நோயாளர் அனைவரும் சொல்லுக்குத் தவிப்போரே. ஆயினும் அத்தவிப்பு ஒருதன்மைத்தன்று. ஒரு சாராருக்குப் பொருள் தெளிவாயுள்ளது, ஒலிவடிவமே அகப்படுவதில்லை. அவர்கள் சொல்லுக்குச் சொல் தயங்கி நிற்பர். "தண்ணீர் குடிப்பது, மேசையில் வைப்பது" எனச் சுற்றிவளைத்துக் கூறுவர். முதலொலியை எடுத்துக் கொடுத்தால் பலமுறை சொல்லைப் பிடித்துக்கொள்வர். நீண்ட வாக்கியத்தைக் கேட்டு அவ்வாறே திருப்பிக் கூறுதல் அவர்க்கு அரிது. இடப்பக்கக் கடைநுதற் சோணையும் சுவர்ச் சோணையும் கூடும் பகுதி பழுதுறுதலே இதற்குக் காரணம். பெரும்பாலும் அதற்கு அடியாய் அமைவது அல்சைமர் நோய்.

மற்றைச் சாரார் நிலை இதனினும் விந்தையானது. அவர்கள் தடையின்றிப் பேசுவர். வாக்கியம் இலக்கணவழுவின்றி ஓடும். கேட்போர் குறையைக் காணாமலும் போகலாம். ஆயின் ஒட்டகத்தின் படத்தைக் காட்டினால் முதலாண்டுகளில் 'குதிரை' என்பர். பின்னர் 'விலங்கு' என்பர். இறுதியில் 'அது' என்பதே எஞ்சும். முதலொலியைக் கொடுப்பினும் பயனில்லை. 'ஒட்டகம்' என்று நாமே சொல்லிப் படங்கள் பலவற்றுள் அதனைத் தெரிந்தெடுக்கக் கேட்டாலும் தவறுவர், "ஒட்டகம் என்றால் என்ன?" என்று நம்மையே வினவுதலும் உண்டு. இவர் தேடும் சொல் மறைந்திருக்கவில்லை. அது சுட்டிய பொருளே கரைந்துவிட்டது. இரு கடைநுதற் சோணைகளின் முன்முனை, சிறப்பாக இடப்பக்கத்தது, சுருங்குதல் இதற்குக் காரணமாம்.

எழுத்தும் இதற்குச் சான்று பகர்கின்றது. ஆங்கிலத்தில் 'மின்ற்' என்பதை ஒத்த எழுத்துக்களால் எழுதப்படும் 'பைன்ற்' என்னும் அளவைப்பெயரை இந்நோயாளர் 'பின்ற்' என்றே படித்துவிடுவர். எழுத்தோசை அறிவர், அச்சொல்லையே அறிந்தாலன்றித் தெரியாத ஒலிப்பை அறியார். 1943 இல் யப்பானிய அறிஞர் இமூரா விவரித்த சொற்பொருளிழப்பிலும் இத்தன்மையே காணப்பட்டது. ஒலியெழுத்தாகிய கனாவைப் பிழையின்றிப் படிப்போர், பொருளோடு பிணைந்த கன்ஜி எழுத்துக்களில் இடறினர்.

மூன்றாவது வகையொன்றும் உண்டு. அதிலே பேச்சுறுப்புக்களை இயக்கும் ஒழுங்கும் வாக்கிய அமைப்பும் சிதைதல் முதன்மையாதலின் ஈண்டு விரிக்கவேண்டுவதில்லை. 2011 இல் பன்னாட்டு மருத்துவர் குழுவொன்று இம்மூவகைப் பகுப்பை வரையறுத்தது.

இவ்வேறுபாட்டை அறிதல் ஏட்டளவில் நிற்பதன்று. சொல்லுக்குத் தயங்குவோரை அறிவு மயங்கியவரென வீட்டார் கருதுவதும், அவர் சொல்லை முடிக்குமுன் தாமே முடித்து வைப்பதும், "என்றால் என்ன?" என வினவுவோரைச் செவிடர் எனவோ பிடிவாதக்காரர் எனவோ கடிவதும் எங்கணும் நிகழ்வன. முதற்சாராருக்கு வேண்டுவது காலமும் பொறுமையும். மற்றையோருக்குச் சொல்லை உரத்துக் கூறுவதாற் பயனில்லை. பொருளையே கையிற் கொடுத்து அதன் பயனைச் செய்து காட்டல்வேண்டும்.

நோயைத் தடுத்து நிறுத்தும் மருந்து இன்றளவும் இல்லை. பேச்சுப் பயிற்சியாளர் துணையோடு இழந்த சொற்களுட் சில மீட்கப்படுகின்றன. ஆனால் பொருளிழந்தோர் தம் வீட்டுக் கோப்பையைக் காட்டிக் கற்பிக்கப்பட்ட சொல்லை, வேறு வடிவினதான கோப்பைக்குப் பெரும்பாலும் வழங்க மாட்டார். பயிற்சி நின்றால் அச்சொல்லும் சில திங்களில் நழுவும். ஆதலின் நோயாளர் தாம் நாளும் கையாளும் பொருள்களின் பெயர்களையே, அப்பொருள்களைக் கொண்டே, இடையறாது பயிற்றுவிக்கின்றனர்.