ஆடு புலி ஆட்டத்தில் காய்களைப் பயன்படுத்தும் உத்தி

ஆடு புலி ஆட்டம் இருவர் ஆடும் மரபு விளையாட்டு. ஒருவரிடம் 3 புலிகள், மற்றவரிடம் 15 ஆடுகள் இருக்கும். பெரம்பலூர், அரியலூர் பகுதிச் சிற்றூர்களிலும், தமிழகத்தின் பிற இடங்களைப் போலவே, திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ கரித்துண்டால் கட்டம் வரைந்து ஆடுவர். கூழாங்கல் புலி, புளியங்கொட்டை ஆடு. நேபாளத்தின் பாக் சால் ஆட்டமும் இவ்வகையினதே. அதில் 4 புலிகள், 20 ஆடுகள்.

கட்டம்

உச்சியிலிருந்து 4 கோடுகள் விரிந்து இறங்கி அடிக்கோட்டைத் தொடும். இவற்றை 3 கிடைக்கோடுகள் குறுக்கே வெட்டி, இருபுறமும் சற்று வெளியே நீளும். அந்த வெளி முனைகளைப் பக்கத்துக்கு ஒரு நெடுங்கோடு இணைக்கும். உச்சியில் 1, கிடைக்கோடு ஒவ்வொன்றிலும் 6, அடிக்கோட்டில் 4 என மொத்தம் 23 புள்ளிகள்.

விதிகள்

ஆட்டுக்காரர் முறைக்கு ஓர் ஆடாக இறக்குவார். 15 ஆடுகளும் இறங்கும் வரை எந்த ஆட்டையும் நகர்த்தக் கூடாது. புலி அடுத்த காலிப் புள்ளிக்கு நகரலாம். அல்லது பக்கத்து ஆட்டை நேர்கோட்டில் தாண்டி, அதற்கு அப்பாலுள்ள காலிப் புள்ளியில் இறங்கி அதை வெட்டலாம். மூன்று புலிகளும் அசைய முடியாமல் அடைபட்டால் ஆட்டுக்கு வெற்றி. புலிகளின் தொடக்க இடமும், புலி வெல்ல எத்தனை ஆடு வெட்ட வேண்டும் என்பதும் ஊருக்கு ஊர் மாறும்.

இன்றைய மாணவர்கள் விரும்பும் கற்பனை உயிரினச் சீட்டாட்டங்களிலும் இதையொத்த கட்டுப்பாடு உண்டு. ரிச்சர்ட் கார்ஃபீல்டு வடிவமைத்து 1993இல் வெளியான 'மேஜிக்: தி கேதரிங்' ஆட்டத்தில், களத்தில் புதிதாக இறக்கிய உயிரினச் சீட்டு பொதுவாக அந்த முறையிலேயே தாக்க முடியாது. ஆகவே காயின் வலிமையைப் போலவே, அதை எங்கே, எப்போது இறக்குகிறோம் என்பதும் ஆட்டத்தைத் தீர்மானிக்கிறது.

ஆட்டை எங்கே இறக்குவது?

ஆட்டை வெட்ட அதற்கு முன்னும் பின்னும் ஒரே கோட்டில் புள்ளி இருக்க வேண்டும். கோடுகள் முடியும் இடத்தில் உள்ள ஆட்டைத் தாண்ட முடியாது. உச்சி, அடிக்கோட்டின் இரு மூலைகள், முதல் மற்றும் மூன்றாம் கிடைக்கோடுகளின் வெளி முனைகள் நான்கு ஆகிய 7 புள்ளிகள் இத்தகையவை. இங்கு வைத்த ஆட்டை எந்தப் புலியாலும் வெட்ட இயலாது.

அடுத்த ஆடுகளை இவற்றை ஒட்டியே இறக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, மூன்றாம் கிடைக்கோட்டின் இட முனையிலும் அடிக்கோட்டின் இட மூலையிலும் ஆடுகள் உள்ளன என்று கொள்வோம். அவ்விரண்டையும் ஒட்டி, மூன்றாம் கோட்டில் உள்ள இரண்டாவது புள்ளியில் ஓர் ஆட்டை இறக்கினால், அதைத் தாண்ட எந்தப் பக்கமும் வழியில்லை. இப்படி ஓரத்திலிருந்து உள்நோக்கி வளர்வதே வேலி. புலிகள் குறுக்கிடாவிட்டால் 15 ஆடுகளையும் ஒன்றையும் இழக்காமல் இறக்கிவிடலாம். முதல் ஆட்டை நடுவில் வைப்பவர் இந்த வாய்ப்பை இழக்கிறார்.

புலி எங்கே நிற்பது?

வேலி வளர்வதைத் தடுக்கப் புலி மூலையில் போய் உட்கார வேண்டியிருக்கும். ஆபத்தும் அங்கேதான். மூலைப் புலிக்கு இரண்டே வழிகள். அவ்விரு புள்ளிகளிலும் அவற்றுக்கு அப்பாலுள்ள இரு புள்ளிகளிலும் ஆடு இருந்தால் அது சிறைப்பட்டது. 4 ஆடுகள் போதும். இரண்டாம் கிடைக்கோட்டின் நடுவிலுள்ள இரு புள்ளிகளில் ஒன்றில் தனித்து நிற்கும் புலியை அடைக்க 8 ஆடுகள் வேண்டும். உச்சிப் புலிக்கும் 8தான். ஆனால் அதற்கு வலிமை குறைவு. அது கீழ்நோக்கி மட்டுமே பாய முடியும்.

ஆகவே புலி வேலையை முடித்தவுடன் மூலையை விட்டு வெளியேற வேண்டும். ஒரு புலி மூலையில் இருந்தால் மற்றொன்று அதன் வெளிவழியைக் காக்க வேண்டும். ஓர் ஆட்டை வெட்டி மூலையில் இறங்குமுன், திரும்பி வர வழி இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பது புலிக்காரரின் கடமை.

இழப்பின் கணக்கு

தொடர்பில்லாத மூன்று மூலைகளில் மூன்று புலிகளையும் அடைக்க 12 ஆடுகள் தேவை. எனவே 3 ஆடுகளை இழந்த பின்னும் ஆட்டுக்கு வாய்ப்பு உண்டு. அதற்கு மேல் இழந்தால், புலிகளை அருகருகே சேர்த்து அடைக்க முயல வேண்டும். உச்சிப் புலியைச் சூழ்ந்த 8 ஆடுகள் இருக்கும்போது, முதல் கிடைக்கோட்டின் முனையில் நிற்கும் இன்னொரு புலியை அடைக்கக் கூடுதலாக 2 ஆடுகளே போதும். ஒரே ஆடு இரு புலிகளுக்கும் தடையாகிறது.

புதிதாகக் கற்பவர்கள் முதலில் ஆடாமல், தாளில் கட்டம் வரைந்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு புலியை வைத்து, அதை அடைக்க எத்தனை ஆடு வேண்டும் என்று எண்ணி எழுதிப் பார்க்கலாம். அந்த எண்கள் மனத்தில் பதிந்துவிட்டால், எந்த ஆட்டை விட்டுக் கொடுக்கலாம், எதை விடக் கூடாது என்பது ஆடும்போதே தெரியும்.