பாதி தப்பாகத்தான் போகும்: என்கிளெக்ஸ் நர்சிங் தேர்வுக்கு மலைக்காமல் தயாராவது

ராத்திரி பதினொன்றரைக்கு அக்கா மகளிடமிருந்து போன். டியூட்டி முடிந்து ஹாஸ்டலுக்கு வந்து ஒரு மாதிரித் தேர்வு எழுதியிருக்கிறாள். "மாமா, 85 கேள்வி போட்டேன். 46தான் சரி. நான் மறுபடியும் ஃபெயில்தான்" என்றவள் அதற்கு மேல் பேசவில்லை.

அவள் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐசியூவில் நர்ஸ். அமெரிக்காவில் நர்ஸாகப் பதிவு செய்ய என்கிளெக்ஸ்-ஆர்என் தேர்வில் தேற வேண்டும். ஏற்கெனவே ஒரு தடவை எழுதித் தவறவிட்டிருந்தாள். தேர்வுக் கட்டணம் 200 டாலர், வெளிநாட்டு மையத்தில் எழுதுவதற்குத் தனியாக 150 டாலர். தவறினால் குறைந்தது 45 நாள் கழித்துத்தான் மறுபடி எழுத முடியும். அவள் அப்பா இதற்காகக் கடன் வாங்கியிருக்கிறார். பி.எஸ்சி நர்சிங்கில் வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருத்தியாக இருந்தவளுக்கு 85-க்கு 46 என்பது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு நர்சிங் தெரியாது. ஆனால் தேர்வுகள் எதை எப்படி அளக்கின்றன என்பதில் ரொம்ப நாளாக ஆர்வம் உண்டு. அடுத்த இரண்டு வாரம் இந்தத் தேர்வு வேலை செய்யும் விதத்தைப் படித்தேன். அவளுடைய மலைப்பில் பாதி, பாடம் கடினம் என்பதால் வந்ததில்லை. இதையும் பல்கலைக்கழகப் பரீட்சை மாதிரியே நினைத்துக்கொண்டதால் வந்தது. அந்தப் பாதியைக் குறைக்கத்தான் இந்தக் குறிப்பு.

தராசும் படிக்கல்லும்

நம் பரீட்சைகளில் எல்லோருக்கும் ஒரே வினாத்தாள். எத்தனை சரியோ அத்தனை மதிப்பெண். என்கிளெக்ஸும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. காகிதத்தில், இரண்டு நாள் எழுதும் தேர்வு. 1994-ல் அதைக் கணினிக்கு மாற்றினார்கள். அப்போது மாறியது காகிதம் மட்டுமல்ல, அளக்கும் முறையும்தான்.

பழைய மளிகைக் கடைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் பூசணிக்காய். கடைக்காரர் மறு தட்டில் ஒரு கிலோ படிக்கல்லை வைக்கிறார். காய்த் தட்டு இறங்கினால் இன்னும் கல் சேர்க்கிறார், கல் தட்டு இறங்கினால் கொஞ்சம் எடுக்கிறார். முள் இரண்டு பக்கமும் ஆடி ஆடி நடுவில் நிற்கும்போது எடை தெரிந்துவிடுகிறது.

இந்தத் தேர்வும் அப்படித்தான் எடை போடுகிறது. நீங்கள் சரியாகப் பதில் சொன்னால் அடுத்து கொஞ்சம் கடினமான கேள்வி வரும். தப்பானால் கொஞ்சம் எளிதானது. ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் கணினி உங்கள் திறனைப் புதிதாக மதிப்பிட்டு, அதற்குச் சமமான கடினம் உள்ள கேள்வியைத் தேடி எடுக்கிறது. இதற்குப் பின்னால் இருப்பது டென்மார்க் கணிதவியலாளர் கியோர்க் ராஷ் உருவாக்கிய மாதிரி. திறனையும் கேள்வியின் கடினத்தையும் ஒரே அளவுகோலில் வைக்கிறது அது. அளவின் பெயர் லாஜிட். கேள்வியின் கடினமும் உங்கள் திறனும் சமமாக இருந்தால் நீங்கள் சரியாகச் சொல்ல வாய்ப்பு 50 சதவீதம். கேள்வி ஒரு லாஜிட் எளிதாக இருந்தால் 73, ஒரு லாஜிட் கடினமாக இருந்தால் 27.

கணினி உங்களுக்குச் சமமான கேள்வியையே தேடித் தேடிக் கொடுத்தால் என்ன ஆகும்? நன்றாகப் படித்தவருக்கும் சுமாராகப் படித்தவருக்கும் ஏறக்குறைய பாதிதான் சரியாகும். வித்தியாசம் எத்தனை சரி என்பதில் இல்லை, எந்த உயரத்துக் கேள்விகளில் பாதி சரி என்பதில் இருக்கிறது. தேர்ச்சிக்கான கோடு அந்த அளவுகோலில் ஒரு புள்ளி. 2013-ல் அதை -0.16 லாஜிட்டிலிருந்து 0.00-க்கு உயர்த்தினார்கள்.

அவள் எழுதிய மாதிரித் தேர்வும் இப்படிக் கேள்வியை மாற்றிக்கொண்டே போகும் வகைதான். அதில் 54 சதவீதம் என்பது தராசு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். எல்லோருக்கும் ஒரே கேள்விகளைத் தரும் பயிற்சித் தொகுப்புகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

85-ல் நின்றால் பாஸா?

தேர்வர்கள் நடுவே சுற்றும் நம்பிக்கைகளில் இது ஒன்று. குறைந்தபட்சக் கேள்விகள் 85, அதிகபட்சம் 150. 85-ல் திரை அணைந்தால் பாஸ், 150 வரை இழுத்தால் ஃபெயில் என்கிறார்கள். இரண்டும் தப்பு.

உங்கள் திறன் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலேதான் என்றோ கீழேதான் என்றோ 95 சதவீத உறுதியோடு சொல்ல முடிகிறபோது கணினி நிறுத்துகிறது. 85-ல் நின்றால் சீக்கிரமே உறுதியாகிவிட்டது என்று பொருள். அது எந்தப் பக்கமாகவும் இருக்கலாம். 150 வரை போனால் நீங்கள் கோட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறீர்கள், கணினிக்கு இன்னும் சாட்சி வேண்டியிருக்கிறது என்று பொருள். நூறாவது கேள்வியில் "போச்சு" என்று கையை விட்டவர்கள், கோட்டுக்கு ஒரு விரல் அருகில் நின்று விட்டிருக்கக்கூடும்.

இன்னொன்று. எல்லோருடைய தேர்விலும் 15 கேள்விகள் மதிப்பெண்ணில் சேராதவை, வருங்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்ப்பவை. எவை என்று தெரியாது. கேள்விப்பட்டே இராத ஒன்று வந்தால் அது அவற்றில் ஒன்றாகவும் இருக்கலாம். பதிலைத் தேர்ந்துவிட்டு நகர வேண்டியதுதான். கேள்வியை விட்டுவிட்டுப் போகவும் முடியாது, பின்னால் திரும்பி வரவும் முடியாது. திரும்பிப் பார்க்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இது ஒரு விதத்தில் நிம்மதி.

மேஜை டிராயரில் கிடந்த காகிதம்

தேர்வில் தவறியவர்களுக்கு ஓர் அறிக்கை வரும். அதில் மதிப்பெண் இருக்காது. பாடப்பகுதி ஒவ்வொன்றுக்கும் நீங்கள் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே, அருகில், கீழே என்று மட்டும் இருக்கும். அவளும் அதை வாங்கியிருந்தாள். ஆனால் பார்க்கப் பிடிக்காமல் டிராயரில் போட்டுவிட்டாள். போனிலேயே எடுக்கச் சொல்லிப் படிக்கச் சொன்னேன்.

மருந்துகள்: மேலே. உடலியல் பகுதிகள்: பெரும்பாலும் அருகில். பராமரிப்பு மேலாண்மை: கீழே.

அவள் அந்த மூன்று மாதமாகப் படித்துக்கொண்டிருந்தது மருந்துகள். பயம் எதில் அதிகமோ அதைத்தான் நாம் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். குறை வேறெங்கோ இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் அமலான தேர்வுத் திட்டத்தில் மருந்துகளுக்கு 13 முதல் 19 சதவீதம். பராமரிப்பு மேலாண்மைக்கு 15 முதல் 21. எட்டுப் பகுதிகளில் அதுதான் பெரியது.

"அது என்ன மாமா, படிக்க என்ன இருக்கு அதுல? காமன் சென்ஸ்தானே" என்றாள். அந்தக் காமன் சென்ஸ்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது.

ஐசியூவில் அவள் கையில் ஒரு நோயாளி, மிஞ்சினால் இரண்டு பேர். தேர்வு கேட்பதோ, நான்கு பேர் இருக்கிறார்கள், முதலில் யாரைப் பார்ப்பாய் என்று. முழங்கால் அறுவை முடிந்து இரண்டாம் நாள், வலி பத்துக்கு எட்டு என்கிறார் ஒருவர். சர்க்கரை 210 உள்ள ஒருவர். இதயச் செயலிழப்பால் பல வாரமாகக் கால் வீங்கியிருக்கும் ஒருவர். ஆறு மணி நேரத்துக்கு முன் தைராய்டு அறுவை முடிந்து, மூச்சை உள்ளே இழுக்கும்போது கரகரவென்று சத்தம் வரும் ஒருவர். அதிகமாகக் கூப்பிடுபவர் முழங்கால்காரர். போக வேண்டியது தைராய்டு அறுவை செய்தவரிடம், ஏனென்றால் அவருடைய மூச்சுக்குழல் அடைபடத் தொடங்கியிருக்கலாம். மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம் என்ற வரிசை அவளுக்கு மனப்பாடம். நான்கு பேரை நடுவில் வைத்து அதைப் பயன்படுத்திப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

இன்னோர் உதாரணம். புற்றுநோய் என்று தெரிந்துவிட்டது, நோயாளியிடம் சொல்லாதீர்கள் என்று மகன் கேட்கிறார். நம் ஊரில் தினமும் நடப்பது இது. முதலில் குடும்பத்தோடு பேசுவோம், நோயாளிக்குக் கடைசியில்தான் தெரியும். அமெரிக்கத் தேர்வில் தன் நோயைத் தெரிந்துகொள்ளும் உரிமை நோயாளியுடையது. அதே மாதிரி, அறுவைக்குக் கையெழுத்து வாங்கும்போது நோயாளிக்குச் சந்தேகம் வந்தால் நர்ஸே அறுவையைப் பற்றி விளக்கிவிடக் கூடாது, மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். விளக்குவது மருத்துவர் வேலை. வேலையைப் பிரித்துக் கொடுப்பதிலும் இப்படித்தான். நிலையாக இருக்கும் நோயாளியைக் குளிப்பாட்டுவதை உதவியாளரிடம் விடலாம். நோயாளியின் நிலையை மதிப்பிடுவதையும் அவருக்குக் கற்றுக்கொடுப்பதையும் விடக் கூடாது. நம் வார்டுகளில் பாதி வேலையை உறவினர்களே செய்துவிடுவதால் இந்தக் கேள்வியே நமக்கு எழுவதில்லை.

அவள் இதையெல்லாம் தப்பாகப் போட்டது அறிவுக் குறைவால் இல்லை. அவளுடைய டியூட்டி இந்தக் கேள்விகளை அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

என்ன மாற்றினோம்

முதலில், படித்ததையே மறுபடி படிப்பதை நிறுத்தினாள். 2006-ல் ரோடிகரும் கார்பிக்கும் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணை. ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 83 சதவீதம் நினைவுகூர்ந்தார்கள். ஒரு தடவை படித்துவிட்டு, பார்க்காமல் சொல்லிப் பார்த்தவர்கள் 71 சதவீதம். ஒரு வாரம் கழித்து முன்னவர்கள் 40, பின்னவர்கள் 61. திரும்பப் படிப்பது அன்றைக்குத் தெம்பாக இருக்கும், நிற்காது. கேள்வி போடுவது அன்றைக்குக் கஷ்டமாக இருக்கும், நிற்கும்.

டியூட்டி நாளில் 25 கேள்வி, விடுமுறை நாளில் 75. நைட் முடித்து வந்த அன்று ஒன்றும் கிடையாது, தூக்கம்தான். தப்பான ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரே ஒரு வரி: எனக்குத் தெரியாது, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை, தெரியும் ஆனால் எது முதல் என்பதில் சறுக்கினேன். இந்த மூன்றில் எது என்று மட்டும். இரண்டு வாரம் கழித்து எண்ணிப் பார்த்தால் பாதிக்கு மேல் மூன்றாவது வகை. அதற்கப்புறம் அந்தத் தடிப்புத்தகம் மேஜையில் இருந்தும் அவளைப் பயமுறுத்தவில்லை.

நான்கு டெலிகிராம் குழுக்களிலிருந்து வெளியே வந்தாள். ஒரு கேள்வித் தொகுப்பு, ஒரு புத்தகம், ஒரு நோட்டு.

2023-க்குப் பிறகு தேர்வில் மூன்று நோயாளிக் கதைகள் கட்டாயம் வரும், ஒவ்வொன்றிலும் ஆறு கேள்விகள். அந்த ஆறும் ஒரு நர்ஸ் யோசிக்கும் வரிசைதான்: எது கண்ணில் படுகிறது, அதற்கு என்ன அர்த்தம், எது அவசரம், என்னென்ன செய்யலாம், எதைச் செய்கிறேன், பலன் கிடைத்ததா. இதற்கு அவள் தனியாகப் படிக்கவில்லை. டியூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது அன்றைய நோயாளி ஒருவரை வைத்து இந்த ஆறையும் மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பாள்.

கடைசியாக, உட்காரும் பழக்கம். இடைவேளையும் சேர்த்து மொத்தம் ஐந்து மணி நேரம். 150 கேள்விக்குப் பங்கிட்டால் கேள்விக்கு இரண்டு நிமிடம். மாதத்தில் இரண்டு தடவை, போனை அணைத்துவிட்டு முழுசாக உட்கார்ந்து எழுதிப் பார்த்தாள். 85-ல் நிற்காது, 150 வரை போகும் என்று நினைத்துக்கொண்டே உட்காரச் சொன்னேன். அப்படி நினைத்துப் போனால் 86-வது கேள்வி வரும்போது நெஞ்சு படபடக்காது.

போன வாரம் மறுபடி போன். "மாமா, 85-க்கு 45. போன தடவையைவிட ஒண்ணு கம்மி" என்றாள். மதிப்பீடு எங்கே காட்டுகிறது என்று கேட்டேன். முன்பு கோட்டுக்குக் கீழே, இப்போது கோட்டுக்கு மேலே. ஒன்று குறைவாகச் சரியாகப் போட்டும் மேலே ஏறியிருக்கிறாள், ஏனென்றால் இந்தத் தடவை படிக்கல் பெரிது.

அடுத்த மாதம் 14-ம் தேதி தேர்வு. முந்தைய இரண்டு நாளும் லீவு போட்டிருக்கிறாள். படிக்க இல்லையாம், தூங்க.