கத்திக்கும் முதுகு உண்டு

"கத்தி நன்றாகத்தான் வெட்டுகிறது. ஆனால் ஒரு கிலோ வெங்காயம் நறுக்கி முடிப்பதற்குள் ஆள்காட்டி விரல் ஓரம் கன்றிச் சிவந்துவிடுகிறது. கைப்பிடியை மாற்றலாமா?" என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். கைப்பிடி பாவம், அதன் மேல் தப்பில்லை. கடிப்பது கத்தியின் முதுகு.

சாணை பிடிப்பதைப் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். எதிர்ப்பக்கம் யார் கண்ணிலும் படுவதில்லை. வேகமாக நறுக்குகிறவர்கள் கையை முன்னே நகர்த்தி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அலகையே கவ்விக்கொள்வார்கள். அப்படிப் பிடித்தால் கத்தி சொன்ன பேச்சைக் கேட்கும். ஆனால் ஒவ்வொரு வெட்டுக்கும் முதுகின் விளிம்பு விரலில் அழுந்தும். அரிவாள்மனையில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே அலகு நிற்கும், காய்தான் நகரும்.

மலிவு விலைக் கத்திகள் பெரும்பாலும் எஃகுத் தகட்டில் அச்சு வைத்து வெட்டி எடுத்தவை. வெட்டிய விளிம்பு செங்கோணமாக நிற்கும். ஒரு பக்கம் பிசிறும் இருக்கும். வாய்ப்பக்கத்தைத் தீட்டியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் விற்காது. முதுகை உருட்ட இன்னொரு கை, இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும். அதை மிச்சம் பிடித்துவிடுகிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. நாம் தேய்த்துப்போக்க நினைக்கும் இதே மூலையைக் காடு சுற்றுகிறவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள்! ஸ்வீடனின் மோராக்னிவ் நிறுவனத்துக் 'கார்பெர்க்' கத்தியின் முதுகை வேண்டுமென்றே விளிம்பு கூராக இருக்கும்படி அரைத்திருக்கிறார்கள். தீ மூட்டத்தான். ஃபெரோசீரியம் என்ற உலோகக் கலவைக் குச்சியை அந்த விளிம்பால் அழுத்திச் சுரண்டினால், உதிரும் துகள்கள் காற்றுப் பட்டதும் எரிந்து பொறியாகப் பறக்கும். சிகரெட் லைட்டருக்குள் இருக்கும் சிறு 'கல்' இந்தக் கலவைதான். 1903-இல் இதற்குக் காப்புரிமை பெற்றவர் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக். பெட்ரோமாக்ஸ் விளக்கில் கட்டுகிறோமே மேன்டில், அந்த வகைக்கு மூலவரும் அவரே. முதுகு உருண்டிருந்தால் குச்சியின் மேல் வழுக்கிவிடும், பொறி வராது. ஆக, காட்டில் அந்த மூலைக்கு ஒரு வேலை இருக்கிறது. கேஸ் அடுப்பு வைத்திருக்கும் வீட்டில் அதற்கு என்ன வேலை?

உருட்டிவிடலாம். முதலில் வாய்ப்பக்கத்தைத் தடித்த அட்டையால் மூடி டேப் சுற்றுங்கள். முதுகு மேலே தெரியும்படி, இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவில் வைத்து வைஸில் இறுக்குங்கள். 220 எண் எமரித் துணியைப் பட்டையாகக் கிழித்து, ரயிலடியில் ஷூ பாலிஷ் போடுகிறவர் துணியின் இரு முனையையும் பிடித்து மாற்றி மாற்றி இழுப்பாரே, அதுபோல முதுகின் குறுக்கே இழுங்கள். விரல் படும் இடம் மட்டும், கைப்பிடியிலிருந்து இரண்டு அங்குலம் வரை செய்தால் போதும். மூலை அரை மில்லிமீட்டர் உருண்டாலே வித்தியாசம் தெரியும். அழுத்தும் விசை அதேதான், தாங்கும் பரப்பு கூடிவிடுகிறது. பிறகு 400, 600 என்று நைசான தாளுக்குப் போங்கள். ஆழமான கீறல்களை விட்டுவைத்தால் ஈரம் தங்கித் துரு பிடிக்கும். கிரைண்டர் பக்கம் மட்டும் போகாதீர்கள். மெல்லிய அலகு சட்டென்று சூடேறும்; எஃகு நிறம் மாறினால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம்.

ஹோட்டல் சமையற்கட்டில் நாள் முழுக்கக் காய் நறுக்குகிறவர்களின் விரலைப் பாருங்கள், அந்த இடம் காய்த்துப்போயிருக்கும். "பழகினால் சரியாகிவிடும்" என்பார்கள். ஆயுத பூஜைக்குக் கத்திக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். அதைப் பிடிக்கிற கைக்காக அரை மணி நேரம் செலவழிக்க யாருக்கும் தோன்றுவதில்லை. கருவிதான் கைக்குப் பழக வேண்டும். அடுத்த முறை கத்தி வாங்கும்போது கூரைச் சோதிப்பதோடு நிறுத்தாமல், முதுகிலும் விரலை அழுத்திப் பாருங்கள். கடித்தால் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நாம் கேட்காதவரை யாரும் உருட்டித் தரப்போவதில்லை.